சனிக்கிழமை மாலை 2 குறும்படங்கள்

அனைவருக்கும் வணக்கம். இந்த மாதம் புலம்பெயர்ந்த சீனக் குடும்பங்களைப் பற்றிய 2 படங்கள் பார்க்கிறோம்.

14ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை 6 மணி, நம் சமுதாயக் கூடம்.

1. 'பாவோ' (2018): 8 நிமிட அனிமேஷன். டொராண்டோவில் வாழும் சீன அம்மா, அவர் செய்யும் கொழுக்கட்டை ஒன்றுக்கு உயிர் வருகிறது. இயக்குநர் டோமி ஷி சீனாவின் சோங்சிங் நகரில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். கொழுக்கட்டை பிடிப்பதைப் படக்குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மாவேதான்! 2019இல் ஆஸ்கர் வாங்கியது. வசனமே கிடையாது, குழந்தைகளும் பார்க்கலாம். முடிவு தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே சொல்லிவிடாதீர்கள்.

2. 'நை நை அண்ட் வை போ' (2023): 17 நிமிட ஆவணப்படம். கலிஃபோர்னியாவில் ஒரே வீட்டில் வாழும் தன் 2 பாட்டிகளைப் பேரன் ஷான் வாங் எடுத்தது. அமெரிக்காவில் ஆசியர்கள் மீது வெறுப்புத் தாக்குதல்கள் பெருகிய நேரத்தில் உருவான படம், ஆனால் சிரிக்கவும் நிறைய இருக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது.

செய்ய வேண்டியவை:
1. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள்.
2. வீட்டுப் பெரியவர்களைக் கண்டிப்பாக அழைத்து வாருங்கள். வசனங்களைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும், யார் தயார்?
3. அப்புறம், நாற்காலி போட 5.30க்கு 4 பேர் தேவை.