புரோக்கர் கமிஷன் வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூரில் வாடகை வீடு தேடுவோர் படும் பாட்டையும், புரோக்கர்கள் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கறப்பதையும் பற்றி இந்தப் பகுதியில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. எல்லாம் நியாயமான புலம்பல்தான். ஆனால் அதே கமிஷனை எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களிடமும் வாங்குகிறார்கள், அதற்குப் பதிலாக எங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். சத்துவாச்சாரியில் நான் கீழே குடியிருந்துகொண்டு மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். காட்பாடி காந்தி நகரில் என் தங்கையின் வீடு இருக்கிறது. அவள் குடும்பத்தோடு மஸ்கட்டில் இருப்பதால் சாவி என்னிடம். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வீடு ஒன்று, தூரத்தில் இருப்பவர்களின் வீடு ஒன்று என இரண்டு கதையும் எனக்குத் தெரியும்.

முதலில் கணக்கு. வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. (ஒரு வருஷத்துக்கு மேல் என்று எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது.) கமிஷன் ஒரு மாத வாடகை என்றால் நூற்றுக்கு ஒன்பது ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. வந்தவர் மூன்று வருஷம் தங்கினால் அதுவே மூன்று ரூபாய்க்கும் கீழே வந்துவிடும், கொடுத்ததே தெரியாது. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் அதே 12,000 நஷ்டம்தான், அதையும் மறக்கக் கூடாது. ஆக, நாமாகத் தேடினால் ஆகும் நாளைவிட ஒரு மாதம் முன்பாகவே புரோக்கர் ஆள் கொண்டுவந்தால் சரிக்குச் சரி, அதற்கும் முன்பாகக் கொண்டுவந்தால்தான் லாபம். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, தோட்டப்பாளையம், பாபு ராவ் தெரு பக்கம் டூலெட் போர்டு மாட்டிவிட்டு உள்ளே போய் காபி குடிப்பதற்குள் கதவைத் தட்டுகிறார்கள், அங்கே எதற்குப் புரோக்கர்? அரியூர் தாண்டி உள்ளே கட்டியிருப்பவர்களின் நிலைமை வேறு, அவர்கள் கமிஷன் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

வருமான வரி கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்துவிட்டு, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்பு முதலான செலவுகளுக்கு என்று மொத்தமாகக் கழித்துக்கொள்ள விடுகிறார்கள். புரோக்கருக்குக் கொடுத்தது அந்த 30க்குள் அடக்கம், தனியாகக் காட்ட முடியாது. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கழிவு ஒன்றுதான் என்பதால் கமிஷன் முழுக்க முழுக்க நம் கைக்காசு.

பணத்தைக்கூட விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஒரே குடித்தனம் நல்லபடியாகப் பல வருஷம் இருந்தால் வீட்டுக்காரருக்கு நல்லது, குடித்தனம் மாறிக்கொண்டே இருந்தால்தான் புரோக்கருக்கு வருமானம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் தொழில் அப்படி அமைந்திருக்கிறது. ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் போன் வரும், "அம்மா, இப்போ ரேட்டு ஏறிப்போச்சு, இவங்கள மாத்திடலாம், பதினாலுக்கு ஆள் ரெடியா இருக்கு" என்று. மாதம் இரண்டாயிரம் கூட வரும்தான், ஆனால் வெள்ளையடிப்பது, ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, மறுபடி கமிஷன் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், அந்த இரண்டாயிரம் எப்போது கைக்கு வரும் என்று. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் பாதி மாதக் கமிஷன் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஆள், அதே வீடு, தேதி மட்டும் மாறுகிறது, எதற்குக் காசு?

ஆள் கொண்டுவருவதோடு தன் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். என் மாடி காலியாக இருந்தபோது ஒரு புரோக்கர் வங்கதேசத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்த குடும்பம் ஒன்றை அழைத்து வந்தார். அப்பாவுக்கு ஆபரேஷன், மகனும் மருமகளும் கூட வந்திருந்தார்கள், பார்த்தாலே பாவமாக இருந்தது. சி.எம்.சி. வாசலைச் சுற்றி வங்காளியில் போர்டு எழுதி வைத்திருக்கும் ஊரில் இது அதிசயமில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் படிவத்தில் நிரப்பி ஆன்லைனில் அனுப்ப வேண்டும் என்பது லாட்ஜுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் சட்டம். அதை நான் கேட்டபோது அந்த மனிதர் சிரித்தார். "இன்னாம்மா, கவர்மென்ட் ரூல்லாம் பேசிக்கினு இருக்கீங்க, எல்லாரும் உடறாங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். ஆனால் போலீஸ் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நான். பாஸ்போர்ட், விசா நகலை வாங்கி, பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைத்துப் படிவத்தை அனுப்பிய பிறகுதான் சாவி கொடுத்தேன். அதுவரை போர்டிகோவில் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் சாவி கை மாறியதும் கமிஷன் கேட்டார். படிவம் நிரப்பியதற்கு எனக்கு யார் கமிஷன் கொடுப்பது?

இன்னொரு விஷயம், சொன்னால் பல பேருக்குக் கோபம் வரும். நம்மில் சிலர் புரோக்கர் வைத்துக்கொள்வது ஆள் தேடுவதற்காக இல்லை. என்ன சாதி, கறி சமைப்பார்களா, எந்த மதம் என்று தாங்கள் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளை அவர் வாயால் கேட்க வைக்கத்தான். "வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா..." என்று அவர் இழுக்கும்போதே வந்தவர்களுக்குப் புரிந்துவிடும். நாமும் கை கழுவிக்கொள்ளலாம். இதற்காகத்தான் ஒருவர் கமிஷன் கொடுக்கிறார் என்றால் கட்டுப்படியாகிறதா என்ற கேள்விக்கே நான் வரவில்லை.

சரி, தங்கை வீட்டுக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் நிஜமாகவே ஒரு ஆள் தேவைப்பட்டது. எனக்கு முட்டி வலி, சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு நினைத்தபோது ஓட முடியாது. என் தங்கையின் கணவர் அந்தப் பக்கத்துப் புரோக்கர் ஒருவரிடம் பேசி, மாதா மாதம் ஒரு தொகை தருகிறேன், வாடகை வாங்கி பேங்கில் போட்டு வீட்டையும் பார்த்துக்கொள் என்று ஏற்பாடு செய்தார். எல்லாம் வாய்வார்த்தைதான், ஒரு காகிதம் கிடையாது. வாடகை ஒழுங்காக வந்தது, அதில் குறையில்லை. அந்தக் குடித்தனம் காலி செய்த அன்று நான் போய்ப் பார்த்தேன். சமையலறை சிங்க்கின் அடியில் பைப் இணைப்பு கசிந்து, தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, பின்பக்க ஹாலில் மீட்டர் பெட்டிக்குக் கீழே ஆள் உயரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. கை வைத்தால் சிமெண்ட் மாவாக உதிர்கிறது. தேக்கு அலமாரிக் கதவு ஊதிப்போய் மூட மாட்டேன் என்கிறது. காலி செய்த அம்மாவைக் கேட்டால், "நாங்க பொங்கலுக்கு முன்னாலயே அவர்கிட்ட சொன்னோம், ஓனர்கிட்ட சொல்லியாச்சுன்னாரே" என்கிறார். மஸ்கட்டுக்கும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. ஒரு வாஷர் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, கடைசியில் கொத்தனார், எலக்ட்ரீஷியன், தச்சர் என்று போனது. அந்த அம்மாவின் அட்வான்ஸில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை, சொல்ல வேண்டியவரிடம் அவர் சொல்லிவிட்டார் அல்லவா?

இதே தங்கை கணவரின் அண்ணன் லண்டனில் ஒரு ஃபிளாட் வைத்திருக்கிறார். அங்கே ஏஜென்ட் மாத வாடகையில் பத்து, பன்னிரண்டு சதவீதம் எடுத்துக்கொள்கிறார், அதற்கு மேல் 20 சதவீதம் வாட் வரி வேறு. கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அந்தக் காசுக்கு வாடகை வசூல், ரிப்பேர், வருஷத்துக்கு ஒரு முறை கேஸ் இணைப்பு சோதனைச் சான்றிதழ் என்று எல்லாம் எழுத்தில் இருக்கிறதாம். 2019 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் ஏஜென்ட் கட்டணத்தைக் குடியிருப்பவர் தலையில் கட்டக் கூடாது என்று சட்டம், அட்வான்ஸும் சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது, அதையும் அதற்கென்று இருக்கும் தனித் திட்டத்தின் கீழ் பாதுகாக்க வேண்டும். வீட்டுக்காரர்தான் காசு கொடுக்கிறார், அதனால் வேலையையும் கேட்டு வாங்குகிறார். நம் ஊரில் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பொறுப்பில்லை.

நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், வீட்டுக்காரர் சார்பாக வீட்டை நிர்வகிப்பவர் என்று ஒருவருக்கு இடமே கொடுத்திருக்கிறார்கள். ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அத்தியாவசிய ரிப்பேர் பார்ப்பது, அவ்வப்போது வீட்டைப் போய்ப் பார்ப்பது என்று அவருடைய கடமைகளும் அதில் உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம், ஒரு பதிவு எண் தருவார்கள். புரோக்கர்கள் கொண்டுவருவதோ முத்திரைத்தாளில் கடைக்காரர் அடித்துக் கொடுக்கும் பழைய நகல்தான், பெயரையும் தொகையையும் மாற்றினால் முடிந்தது. அப்புறம், வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பவர் அதில் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. தங்கைக்கு அதைச் சொன்னது அவளுடைய ஆடிட்டர்.

புரோக்கர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று நான் எழுதவில்லை. எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பக்கத்தில் எந்த வீடு காலி, யார் நிறுத்தாமல் வாடகை கட்டுவார், யார் இழுப்பார் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார். அவர் சொல்லி வந்தவர்கள்தான் இப்போது என் மாடியில், கொடுத்ததை வாங்கிக்கொண்டார். காவேரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருகிறது, சம்ப் எவ்வளவு பெரிசு என்பதை வீடு பார்க்க வருவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லியிருந்தார். அதனால் பின்னால் ஒரு சண்டையும் இல்லை.

கூடவே குடியிருக்கும் வீட்டுக்காரர் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுப்பது என்னைக் கேட்டால் வீண். போர்டு மாட்டுங்கள், வாட்ஸ்அப்பில் போடுங்கள், ஓஎல்எக்ஸ் மாதிரி இணையதளங்களில் போட்டோ எடுத்துப் போட்டுவிடுங்கள், வருகிறவரிடம் நீங்களே பத்து நிமிஷம் பேசுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஆள் தேவைதான், ஆனால் ஆள் கொண்டுவருவதற்குக் கொடுக்கிற காசைக் குறைத்து வீட்டைப் பார்த்துக்கொள்வதற்குக் கொடுங்கள். தங்கை வீட்டுக்கு இந்தத் தடவை நான் அப்படித்தான் கேட்டேன். கமிஷனில் பாதி குடி வரும்போது, மீதிப் பாதி ஆறு மாதம் கழித்துக் குடித்தனம் நல்லபடியாக இருந்தால். அது போக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மின் கணக்கு எடுக்க வரும் சமயத்தில், உள்ளே போய் சிங்க்கின் அடி, மோட்டார், மொட்டைமாடி மூன்றையும் போனில் படம் எடுத்து எனக்கும் மஸ்கட்டுக்கும் அனுப்ப வேண்டும், அதற்குத் தனியாகப் பணம். எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது என்று சொன்னதும் முதலில் வந்தவர் "யோசிச்சிட்டு சொல்றம்மா" என்று போனவர்தான். இரண்டாவதாக வந்தவர் பாதிக் கமிஷனுக்கு ஒத்துக்கொண்டார், படம் அனுப்புகிற வேலை மட்டும் முடியாது என்கிறார்.

வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. காந்தி நகர், விருதம்பட்டு பக்கத்தில் இந்த மாதிரி எழுதிக்கொடுத்து மாதக் கூலிக்கு வீடு பார்த்துக்கொள்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா, என்ன கொடுக்கிறார்கள் என்று அனுபவப்பட்ட வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியில் எழுதினால் என் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.