காதில் இருப்பதைக் கழற்றச் சொல்லாதீர்கள்: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர்களுக்கும், கவுன்ட்டரில் பணியாற்றும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் மாதத்தில் உங்கள் கிளைகள் என்ன பாடுபடும் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வரும் ஓய்வூதியர் கூட்டத்தில் நானும் ஒருவன். அஞ்சலகக் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் அலுப்பும் எனக்குத் தெரியும். ஆனாலும் சென்ற நவம்பரில் ஒரு கிளையில் நடந்ததை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

காதில் இயர்பட்ஸ் அணிந்திருந்தேன். போனைக் கண்ணாடியின் அடியில் உள்ள திறப்பை ஒட்டி வைத்தேன். "பெரியவரே, பாட்டுக் கேட்பதை முடித்துவிட்டு வாருங்கள்" என்றார் அலுவலர். காது கேட்பதற்காகத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் இயர்பட்ஸைக் கழற்றச் சொன்னார். பேச்சைப் பதிவு செய்கிறேன் என்று சந்தேகப்பட்டுப் போனையும் எடுக்கச் சொன்னார். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் கணினியைப் பார்த்தபடி ஏதோ கேட்டார். எனக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அவர் குரலை உயர்த்தினார். என் வைப்புத்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் முதிர்கிறது, வாரிசுதாரராக யார் பெயரைக் கொடுத்திருக்கிறேன் என்பதெல்லாம் கூடம் முழுக்க ஒலித்தது. வீட்டில்கூட நான் வாய்விட்டுச் சொல்லாத தொகை அது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த, முன்பின் தெரியாத ஒருவர், அவ்வளவு பணத்தை ஏன் வங்கியில் போட்டு வைத்திருக்கிறீர்கள், நல்ல வட்டிக்கு ஆள் இருக்கிறது என்று பேச்சை ஆரம்பித்தார். கணக்கின் இரகசியத்தைக் காக்க வேண்டிய இடத்திலேயே அது ஏலம் போடப்பட்டது. இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கத்தினால் மட்டும் எங்களுக்கு விளங்கிவிடுமா? வயதினால் வரும் செவித்திறன் குறைவில் முதலில் மங்குவது கீச்சென்ற உச்சஸ்தாயி ஒலிகள். உயிரெழுத்துகளின் ஓசை காதில் விழுந்துவிடும். ச, த, ப போன்ற மெய்கள் தேய்ந்து போகும். பேசுவது கேட்கும், என்ன சொல் என்பது தெரியாது. குரலை உயர்த்தும்போது ஏற்கெனவே கேட்பதுதான் இன்னும் பெரிதாகிறது. என் இயர்பட்ஸ் அப்படிச் செய்வதில்லை. செவிப் பரிசோதனையின் வரைபடத்தைப் போனில் ஏற்றிவிட்டால், எந்த ஒலிகள் குறைகின்றனவோ அவற்றை மட்டும் அது தூக்கிக் கொடுக்கிறது. கவுன்ட்டரில் வைக்கும் போன் உங்கள் குரலை வாங்கி என் காதுக்கு அனுப்புகிறது. ஆப்பிள் நிறுவனத்தின் இயர்பட்ஸான ஏர்பாட்ஸில் 'லைவ் லிசன்' என்ற பெயரில் இந்த வசதி 2018-இலிருந்தே இருக்கிறது. பதிவு செய்வது அதன் வேலை அன்று. சந்தேகம் இருந்தால் திரையைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுகிறேன்.

அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் 60 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) இழப்பிலிருந்துதான் செவிக்குறைபாடாகக் கணக்கெடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 20 முதல் 35 டெசிபல் வரையிலான இழப்பை லேசானது என்கிறது. என்னுடையது 30-ஐ ஒட்டியது. எனக்கு எந்த மருத்துவரும் தர முடியாத சான்றை நீங்கள் கேட்கிறீர்கள். செவிக்கருவி ஒரு ஜோடி வாங்கலாம் என்றால், நல்லவை பல ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தையும் தாண்டுகின்றன. லேசான, மிதமான குறைவு உள்ள பெரியவர்களுக்கு ஏர்பாட்ஸ் புரோவின் இரண்டாம் தலைமுறையைச் செவிக்கருவியாகப் பயன்படுத்த உதவும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பரில் அனுமதியே கொடுத்துவிட்டது. தீவிரமான குறைவுக்கு இது போதாது என்பதும் உண்மை. என்னைப் போன்றவர்களுக்குப் போதும். அதனால்தான் கேட்கிறேன்: கழற்றச் சொல்லாதீர்கள்.

வங்கியோடு இது நிற்கவில்லை. அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் பெயரை ஒரே ஒருமுறை கூப்பிட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுகிறார்கள். ரயில் நிலையத்தில் நடைமேடை மாறிய அறிவிப்பு இரைச்சலில் கரைகிறது. எங்கே போனாலும் "வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வாருங்கள்" என்கிறார்கள். தனியாக வாழும் முதியவர் யாரைக் கூட்டி வருவார்? இப்படிப்பட்டவர்கள் பலர் கேட்காததைக் கேட்டதுபோல் தலையாட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பது காப்பீட்டுத் தவணைக்குக் கணக்கிலிருந்து பணம் போகும்போதுதான் தெரியவருகிறது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்களுக்குச் செய்ய வேண்டிய வசதிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே உங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதன் நோக்கத்தை மனத்தில் வைத்து என் வேண்டுகோளைப் பாருங்கள். காதில் இயர்பட்ஸோடு வரும் முதியவரைக் கழற்றச் சொல்லாதீர்கள். போனைக் கவுன்ட்டரில் வைத்துக்கொள்ள விடுங்கள். பேசும்போது முகத்தை நிமிர்த்திப் பேசுங்கள். தொகையை உரக்கச் சொல்லாமல் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். இதற்குத் தலைமை அலுவலகத்தின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் மேலாளர் ஊழியர்களை அழைத்துச் சொன்னால் போதும். அடுத்த நவம்பருக்கு முன் சொல்லிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்