சிறுமூளைக்கு வேலை சமநிலை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த மூளைக் கட்டுரை படிக்கச் சுவையாக இருந்தது. ஆனால் அசைவும் சமநிலையும் சிறுமூளைக்கு, சிந்தனை முழுவதும் பெருமூளைக்கு என்று அதில் செய்திருந்த பாகப்பிரிவினை பழைய பாடப்புத்தகக் கணக்கு.

1988-இல் பீட்டர்சன், ரெய்க்கிள் என்ற ஆய்வாளர்களின் குழுவினர், மூளையில் எந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனை வைத்துச் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு பெயர்ச்சொல்லைத் தந்து, முதலில் அதையே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அப்புறம் அதற்குப் பொருந்தும் வினைச்சொல்லைக் கேட்டார்கள். 'சுத்தியல்' என்றால் 'அடி' என்பது போல. இரண்டிலும் நாக்குக்கும் உதட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வேலைதான். ஆகவே இரண்டாவது படத்திலிருந்து முதல் படத்தைக் கழித்தால் அசைவின் பங்கு போய்விட வேண்டும். கழித்த பிறகும் சிறுமூளையின் வலப்பக்கம் துலங்கி நின்றது. பெரும்பாலானோருக்கு மொழியைக் கவனிக்கும் இடப் பெருமூளையோடு குறுக்காக இணைந்திருப்பது இந்த வலப்பக்கம்தான். மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில் (நரம்பு செல்களில்) ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன. நடக்கவும் நிற்கவும் மட்டும் இவ்வளவு எதற்கு?

அதற்காக ஸ்கேன் தரும் வண்ணப் படத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எஃப்எம்ஆர்ஐ என்ற இன்னொரு வகை மூளை ஸ்கேன் காட்டுவது ரத்தத்தில் ஆக்சிஜன் மாறும் விதத்தை. சிறுமூளையில் அது பெரும்பாலும் உள்ளே வரும் சேதியைத்தான் பிரதிபலிக்கிறது. சிறுமூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே வழியான பர்கின்ஜி செல்களின் வேலை அதில் சரியாகத் தெரிவதில்லை. பெருமூளை பேசியது தெரிகிறது, சிறுமூளை சொன்ன பதில் தெரியவில்லை. எனவே நோயாளிகளையும் பார்த்தாக வேண்டும். சிறுமூளை பழுதானவரை மூக்கைத் தொடச் சொன்னால், விரல் நெருங்க நெருங்க ஆடும், சில சமயம் குறி தப்பித் தாண்டிப் போகும். இது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தது. 1998-இல் ஷ்மாமன், ஷெர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இத்தகைய நோயாளிகளில் சிலருக்குத் திட்டமிடுவதிலும், சொற்களைச் சரளமாக எடுப்பதிலும், உணர்ச்சியை அளவோடு காட்டுவதிலும் தடுமாற்றம் இருப்பதை எழுதினார்கள். ஸ்கேனை மட்டும் வைத்து இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க முடியாது.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த படத்தில் சிறுமூளையின் அடிப்பகுதியே இல்லை. பக்க அமைப்புக்காக நீங்கள் வெட்டினீர்களோ என்னவோ. ஆய்வாளர்களே பல காலம் அந்தப் பகுதியை ஸ்கேன் சட்டத்துக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். அடுத்த முறை முழுச் சிறுமூளையும் தெரியும் படத்தைப் போடுங்கள். எந்த வேலையிலிருந்து எந்த வேலையைக் கழித்து அந்த வண்ணம் வந்தது என்பதையும் படத்தின் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்