படுத்துப் பார்த்துவிட்டு வாங்கு, மகள்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

லண்டனில் நீ வாங்க நினைக்கும் பழைய மொரிஸ் மைனர் காரின் படங்களை நானும் அம்மாவும் பார்த்தோம். பச்சை நிறம், தைத்துப் புதுப்பித்த இருக்கைகள், முகம் பார்க்கலாம் போன்ற பம்பர். அம்மாவுக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. நான்தான் வாய் திறக்கவில்லை. அத்தனை படங்களில் ஒன்றாவது காரின் அடிப்பக்கத்தைக் காட்டுகிறதா என்று திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை. ஆகவே அந்தக் கார் நல்லது என்றோ கெட்டது என்றோ நான் இன்னும் சொல்ல மாட்டேன்.

மொரிஸ் மைனர் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் எஞ்சினைத்தான் கேட்கிறார்கள். நீயும் அதையே கேட்டிருக்கிறாய். எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாதே. நம்முடையது 1958ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி. நீ பார்த்திருப்பது 1967 என்றால் 1098 சிசி. மேட்டில் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். இரண்டும் ஒரே குடும்பம். அதே குடும்பத்து எஞ்சினை மினி கார்களில் 2000ஆம் ஆண்டுவரை போட்டார்கள். அதனால் பிஸ்டன், வால்வு, கஸ்கெட் எதுவானாலும் நீ இருக்கும் இடத்தில் தபாலில் வந்து சேரும். நான் கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறி, கடை கடையாக அலைந்து, பழைய சாமானைப் புதிய பெட்டியில் போட்டு விற்கிறவரோடு வாதாட வேண்டியிருப்பதுபோல் உனக்கு இருக்காது.

பார்க்க வேண்டியது தகடு. லொறிக்கு இருப்பதுபோல் இந்தக் காருக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. உடல்தான் சட்டகம். கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு, முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்கே போகும் தகடு, பின்பக்க வில் (ஸ்பிரிங்) பூட்டியிருக்கும் இடம், இந்த மூன்றும்தான் காரைத் தாங்குகின்றன. இவை துருப்பிடித்தால் மேலே எத்தனை அழகாகப் பெயின்ற் அடித்தாலும் கார் நடுவில் மெல்லத் தொய்யத் தொடங்கும். கண்டுபிடிப்பது கடினமில்லை. ஜக் வைத்துக் காரை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார். தகடு சரியென்றால் கதவு வழக்கம்போல் மூடும். உக்கியிருந்தால் கதவு நிலையில் இடிக்கும்.

ஒரு சிறிய காந்தமும் கொண்டு போ. மட்கார்ட் ஓரங்களிலும் கதவின் கீழ் விளிம்பிலும் வைத்துப் பார். ஓட்டையைப் பட்டி பூசி அடைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. பிறகு பழைய சாரம் ஒன்றை விரித்துக் கீழே படு. உன் லண்டன் சிநேகிதிகள் சிரித்தால் சிரிக்கட்டும். கறுப்புத் தார் புதிதாகப் பூசியிருந்தால் மகிழ்ச்சியடையாதே, சந்தேகப்படு. கேட்டுவிட்டு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார். குத்த விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வா.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உப்பு. இங்கே எனக்குக் காற்றில் உப்பு. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் டச்சுக்குடாப் பக்கம் ஓர் இரவு நிறுத்திய காரின் கண்ணாடியில் காலையில் உப்புப் பூத்திருக்கும். உங்களுக்கு வீதியில் உப்பு. பனிக்காலத்தில் ஐஸ் உருகவென்று தெருவெல்லாம் கொட்டுகிறார்கள். என் உப்பு மேலிருந்து வருகிறது, நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுவேன். உன் உப்பு சேற்றோடு கலந்து கீழேயிருந்து தெறித்து, மட்கார்டின் உள்மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே கை போகாது, தண்ணீர்க் குழாய்தான் போகும். உப்புப் போடத் தொடங்கியதும் காரை உள்ளே விட்டுவிடு. நல்ல மழை இரண்டு பெய்து வீதியைக் கழுவிய பிறகு எடு.

இன்னொரு செய்தி, உனக்குத் தெரிந்திருக்காது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்றுவந்த சார்ள்ஸ் வேர் என்பவர் 1990களில் இந்தக் காருக்கான தகடுகளை இலங்கையில் செய்வித்து அங்கே கொண்டுபோனார். நீ வாங்கப்போகும் காரின் மட்கார்டும் இங்கிருந்து போனதாக இருக்கலாம். விசா இல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்தது முன் சக்கரம். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் கீழே ட்ரனியன் என்று ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் தண்டு மரையாணி போல அதற்குள் சுழலும். கிறீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேயும். தேய்ந்து முடிந்த ஒரு நாளில் தண்டு கழன்று, சக்கரம் உள்பக்கமாக மடிந்து, காரின் மூக்கு வீதியில் குத்தும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் இது நடக்கும் என்பது ஓர் ஆறுதல். வாங்குமுன் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் விலையைக் குறை. வாங்கியபின் கிறீஸ் துப்பாக்கியை வைத்து, உள்ளிருக்கும் கறுத்த பழைய கிறீஸ் வெளியே வழிந்து புதியது தலைகாட்டும்வரை அடி. நான் மாதம் ஒருமுறை அடிக்கிறேன். கராஜுக்காரர் இது அதிகம் என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பிரேக். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், நான்குக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடர். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும், மிஞ்சுவது கை பிரேக் மட்டும். எண்ணெய் ஊற்றும் உருளையை இந்தப் புண்ணியவான்கள் சாரதியின் காலுக்கடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள். விரிப்பைச் சுருட்டி, தரையிலுள்ள மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கண்ணில் படாததால் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். இங்கே பிரட்றிக் கோட்டை வாசலில் மான்கள் எந்த நேரம் வீதிக்கு இறங்கும் என்று அவற்றுக்கே தெரியாது. அதனால் அந்த மூடியை நான் மறப்பதில்லை. நீ நெடுஞ்சாலையில் போனால் முன்னால் போகும் வண்டிக்கும் உனக்கும் இடையில் மற்றவர்கள் விடும் இடைவெளியைப்போல் இரண்டு மடங்கு விடு. அதற்குள் வேறொருவன் நுழைந்தால் மறுபடியும் பின்வாங்கு.

நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு அங்கே 2018இலிருந்து வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னாராம். சட்டம் விலக்குத் தந்ததால் துரு விலகிவிடாது. நீ காசு கொடுத்து ஒவ்வொரு வருடமும் பரிசோதனை செய். இந்தக் காரின் பழைய பரிசோதனை முடிவுகள் அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இலக்கத்தகட்டின் எண்ணைக் கொடுத்தால் போதும். துரு என்று முன்பு யாராவது எழுதியிருந்தால், அதைத் திருத்திய பற்றுச்சீட்டைக் கேள்.

பெற்றோலையும் கவனி. 2021இலிருந்து உங்கள் சாதாரண பெற்றோலில் பத்து வீதம்வரை எதனோல் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். ஐந்து வீதக் கலவை விலை கூடத்தான், ஆனாலும் அதையே அடி. எரிபொருள் விஷயத்தில் இந்த வண்டிகள் பார்க்காத கஷ்டமில்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத காலத்தில் உன் பெரிய மாமா தன்னுடைய காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஒரு சிறு போத்தலிலிருந்து காபரேற்றருக்குள் பெற்றோல் சொட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார் புகைத்துக்கொண்டு ஓடும், ஓடியது. 2022இல் நாங்கள் சீனன்குடாவின் பெரிய எண்ணெய்க் குதங்களுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை என்னவென்று சொல்வது? அந்த வரிசையில் நம்முடைய மொரிஸைத் தள்ளிக்கொண்டு போவது மட்டும் மற்றக் கார்களைவிடச் சுலபமாக இருந்தது.

சாவியைத் திருப்பியதும் பொனற்றுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். பயப்படாதே, அது பெற்றோல் பம்ப். காபரேற்றர் நிரம்பியதும் அது நின்றுவிடும். நிற்காமல் அடித்தால் தாங்கி காலி, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அடிக்கவே இல்லையென்றால் பம்பின் மேல் ஸ்குரூ டிரைவர் பிடியால் மெல்ல ஒரு தட்டு. பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்டதே என்று விட்டுவிடாமல் அந்த வாரமே அதற்குள் மின்சாரம் தொட்டு விலகும் பொயின்ற்களைச் சுத்தம் செய்.

காரின் முன்னே நின்று பொனற்றின் நடுவைப் பார். நீளமாக ஒரு பட்டையான மேடு ஓடும். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வரைந்து மாதிரியும் செய்து முடித்தபின், ஒடுக்கமாக இருக்கிறதே என்று அதை நெடுக இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகட்டினார். அந்த மேடு அதன் அடையாளம். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் கார் பிடிக்கவே இல்லை, உடைத்து ஊற்றி அவித்த முட்டை என்று ஏசினார். 1948இல் வெளிவந்த அந்த முட்டைதான் பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார். தொழிற்சாலை வாசலைக் கண்டிராத எனக்கும் இந்தக் கதையில் ஓர் அற்ப சந்தோஷம்.

நம்முடைய வண்டியின் இலக்கத்தகட்டிலுள்ள ஸ்ரீ எழுத்துக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. 1957இல் அந்தச் சிங்கள எழுத்து வந்தபோது எங்கள் பக்கத்தில் தார் பூசி அழித்தார்கள். இப்போது கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பழைய ஸ்ரீ தகடு என்று அதற்காகவே காரை விலை கேட்கிறார்கள். விற்க மாட்டேன்.

கடைசியாக, அதை ஓட்டு. போர்வை போட்டு மூடி வைத்த காரில் பிரேக் இறுகும், ரப்பர் வெடிக்கும், பற்றரி சாகும். நான் ஞாயிறு காலை அலஸ்தோட்டம், உப்புவெளி தாண்டி நிலாவெளிவரை போய் வருகிறேன். வலப்பக்கம் திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து, திரும்பும் பக்கத்தைக் காட்டும் ஒரு சின்னக் கை நீளும். பின்னால் வரும் ஓட்டோக்காரர்களுக்கு அது என்னவென்றே விளங்குவதில்லை. அதனால் நானும் கையை வெளியே நீட்டுகிறேன். உன்னுடையதில் விளக்குத்தான் இருக்கும்.

பணம் கொடுக்குமுன் அடிப்பக்கப் படங்களை அனுப்பு. அங்குள்ள மொரிஸ் மைனர் ஓனர்ஸ் கிளப்பில் விசாரித்து, காரை அறிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போ. ஆவணியில் வரும்போது எனக்கு முன் ட்ரனியன் ஒரு சோடியும் பம்ப் பொயின்ற் செற் ஒன்றும் கொண்டுவா. அம்மா கேட்ட சொக்லேட்டைக் குறைத்தாவது கொண்டுவா. இதை அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா