பழைய நிரல், புது ராக்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் விபத்தின் விசாரணை அறிக்கையை அண்மையில் படித்தேன். 1996 ஜூன் 4 அன்று, கிளம்பி சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த ஓர் எண், கணினியில் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை; வழிகாட்டும் கணினி நின்றுபோனது. மாற்றுக் கணினி இருந்தது, சரி. ஆனால் அதிலும் அதே நிரல்தான். அதுதான் முதலில் நின்றுபோனது! இத்தனைக்கும், தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்கு அந்தக் கணக்கே தேவையில்லை.

மென்பொருள் துறையில் இருக்கும் எனக்கு இதில் ஆச்சரியம் குறைவு. ‘அங்கே ஓடியதே’ என்பதே பல இடங்களில் சோதனை. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பல இணையப் படிவங்களோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. சிலர் புள்ளி வைக்கிறார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள். அப்புறம் ஆதாரும் பான் கார்டும் ஒத்துப்போகவில்லை என்று அக்ஷயா மையத்துக்கு (கேரள அரசின் இணையச் சேவை மையம்) அலைச்சல். இனிஷியல் உள்ள ஒரு பெயரைப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

– ஒரு மென்பொருள் பொறியாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்