பொறுப்பாளருக்கு யோசனை சொல்பவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். விழா வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டோம். அப்புறமும் ஆளாளுக்கு அவரை அழைத்து யோசனை சொன்னால் அவர் எப்போது வேலை பார்ப்பார்? நேற்று மேடை அமைப்பவரிடம் அளவு பேசிக்கொண்டிருந்தபோதே அடுத்தடுத்து அழைப்புகள். ஒருவர் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்கிறார், இன்னொருவர் வரிசையாக. யார் பேச்சைக் கேட்டாலும் மற்றவருக்கு மனத்தாங்கல். பாவம், மனிதர் நொந்துபோயிருக்கிறார்.

மின்கம்பி அறுந்து கிடந்தாலோ, கணக்கு உதைத்தாலோ உடனே சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம். மற்றபடி அவர் கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், சரி. ஆனால் முடிவெடுத்த பிறகு வரும் யோசனை வேலையை இரட்டிப்பாக்குகிறது. உதவ நினைப்பவர்கள் 'நான் என்ன செய்யட்டும்?' என்று அவரிடமே கேளுங்கள். சனிக்கிழமை காலை நாற்காலி இறக்க ஆள் தேவைப்படுகிறது.