கொல்லரின் கண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா காலத்து ஓவியங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையில், ஜேம்ஸ் ஷார்ப்பிள்ஸ் தீட்டிய ‘கொல்லுலை’ ஓவியத்தைச் சொல்லுமிடத்தில், இரும்படித்தே காலம் கழித்த ஒருவருக்கு ஒளியும் நிழலும் இவ்வளவு நுட்பமாகப் பிடிபட்டது வியப்பே என்று எழுதப்பட்டிருந்தது, கொல்லர் வீட்டில் பிறந்த எனக்கு மிகுந்த வருத்தமளித்தது.

என் தகப்பனார் பட்டறைக் கூரையை வெயில் புகாதபடி தாழ்வாக வேய்ந்திருந்தார். உலையில் காய்ந்த இரும்பின் நிறம் வெளிச்சத்தில் தெரியாது. தோய்த்தெடுத்த உளியின் முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி சூடு ஏற ஏற வைக்கோல் நிறம் படர்ந்து ஊதா தலைகாட்டும்போது சட்டென்று தண்ணீரில் விடுவார். கொஞ்சம் பிந்தினாலும் முனை நிற்காது. நிறம் பார்த்தே பிழைத்தவர்களின் கண்ணைக் கண்டு வியக்க என்ன இருக்கிறது?

1825இல் பிறந்த ஷார்ப்பிள்ஸ், சிறு வயதிலேயே இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள பெரி நகரில் இரும்பு வேலைக்குப் போனவர். கொதிகலன்களின் வடிவத்தை மேஸ்திரிக்காகப் பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து வரைந்துதான் அவருக்குக் கை படிந்தது. எந்திரத் தொழிலாளர் சங்கத்தின் சின்னத்துக்கான போட்டியில் வென்றவரும் அவரே. ஓவியத்தை முடித்த பிறகு, பகலில் சம்மட்டி பிடித்த அதே கையால், செதுக்குக் கலையை யாரிடமும் பயிலாமல், அக்காட்சியை உருக்குத் தகட்டில் செதுக்க ஏறக்குறைய பத்தாண்டுகள் உழைத்து 1859இல் அச்சில் கொண்டுவந்தார். தாங்கள் அறியாதவை அல்ல இவை. ஆயினும் கட்டுரையில் ஒன்றுகூட இடம்பெறவில்லை.

தங்கள் பொங்கல் மலரில் கொழு அடிக்கும் கொல்லர் ஒருவரின் படம் வந்தபோதும், படமெடுத்தவரின் பெயர் இருந்தது, கொல்லரின் பெயர் இல்லை. தேர்த் திருவிழாக் கட்டுரையில் நன்கொடையாளர் அனைவரையும் குறிப்பிட்டீர்கள்; அச்சுக்கும் சக்கரப் பட்டைக்கும் இரும்படித்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுத இடமில்லாமல் போயிற்று. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் அப்போதெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

இப்போதும் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஓரங்கள் வெட்டப்பட்டு, ‘பழங்காலப் பட்டறை’ என்ற குறிப்போடு மட்டும் வெளியான அந்த ஓவியத்தை அடுத்த இதழில் முழுமையாக வெளியிட்டு, வரைந்தவர் ஜேம்ஸ் ஷார்ப்பிள்ஸ், தொழில் கொல்லு வேலை என்று கீழே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கயத்தாறு